திறந்த அணுகல் ஆய்விதழ்களின் கட்டணம்: 2,200 டாலர் எதற்குச் செல்கிறது?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். தாமிரபரணிப் படுகையில் வாழும் நன்னீர் நத்தைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். என் இரண்டாவது கட்டுரையை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய வெளிநாட்டுத் திறந்த அணுகல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். ஐந்து மாதம் கழித்து, சிறு திருத்தங்களைச் செய்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று சென்ற வாரம் பதில் வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டதும் 2,200 டாலர் செலுத்த வேண்டும், வரி தனி என்பதையும் அதே மின்னஞ்சலின் கீழ்ப்பகுதியில் நினைவூட்டியிருந்தார்கள். கட்டணம் உண்டு என்பது இதழின் தளத்தில் முன்பே இருந்தது. தெரியாது என்று நான் சொல்லவில்லை. கட்டுரையை என்னோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவரின் திட்ட நிதியிலிருந்து கட்டிவிடலாம் என்று நம்பியிருந்தோம். அந்தத் திட்டம் மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது.

டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1,87,000 ரூபாய் ஆகிறது. 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 2,20,000 ரூபாயைத் தாண்டுகிறது. எனக்குக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஆறு மாத உதவித்தொகையை அப்படியே எடுத்து வைத்தால்தான் இந்த ஒரு கட்டுரை வெளிவரும்.

இந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதே என் கேள்வி. ஆற்றில் இறங்கி நத்தைகளைச் சேகரித்ததும் அளந்ததும் நாங்கள். படங்களை அவர்கள் கேட்ட அளவில் வரைந்து கொடுத்ததும் நாங்கள். கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொன்ன இரு மதிப்பீட்டாளர்களுக்கும் ஊதியம் இல்லை. என் கைடே மாதம் ஒரு கட்டுரையையாவது இப்படி ஊதியமின்றி மதிப்பிட்டுக் கொடுக்கிறார். அச்சுத்தாள் இல்லை, தபால் செலவு இல்லை, கட்டுரை இணையத்தில் மட்டுமே வரும். அப்படியிருக்க எஞ்சும் வேலை என்ன, அதற்கு இவ்வளவு ஆகுமா? இத்துறையில் உள்ளே இருந்து பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மெய்ப்புமேசை:

சென்னையில் ஆய்விதழ்களுக்கு அச்சுக்கோப்பும் மெய்ப்பும் பார்க்கும் நிறுவனம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், எனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் சொல்கிறேன். உலகின் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் பலவற்றின் தயாரிப்பு வேலை நெடுங்காலமாகச் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் நடக்கிறது. உங்கள் கட்டுரையும் ஐரோப்பாவுக்குப் போய்விட்டு, திருநெல்வேலியிலிருந்து ஓர் இரவுப் பயண தூரத்தில் உள்ள ஏதோ ஒரு மேசைக்கே வந்து சேரக்கூடும்.

கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு வேர்டு கோப்பாக எங்களிடம் வரும். முதலில் படங்களின் தெளிவு, அட்டவணைகளின் எண்வரிசை, விடுபட்ட இணைப்புகள் ஆகியவற்றைச் சரிபார்ப்போம். பிறகு மொழித் திருத்தம். அதன் பின்னர்க் கட்டுரை முழுவதையும் ஜாட்ஸ் எனப்படும் எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். தலைப்பு எது, ஆசிரியர் யார், நிதி கொடுத்தவர் யார், இது எத்தனையாவது மேற்கோள் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டுவது போன்ற வேலை இது. தேடுபொறிகளும் பப்மெட் போன்ற தரவுத்தளங்களும் கட்டுரையை அறிந்துகொள்வது இந்தச் சீட்டுகளின் வழியாகத்தான். துணைநூற்பட்டியலில் அறுபது நூல் இருந்தால் அறுபதையும் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, ஆண்டோ பக்க எண்ணோ மாறியிருந்தால் ஆசிரியரிடம் கேள்வி எழுப்புவோம். மென்பொருள் பெரும்பகுதியைச் செய்துவிடும். அது தவறவிடுவதைப் பிடிக்க ஆள் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எக்ஸ்எம்எல்லில் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம், இட்ட பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. நம்மவர் ஒருவர் ‘எஸ். முருகன்’ என்று எழுதி அனுப்புவார். ‘எஸ்’ என்பது அவருடைய தந்தை சுப்பையாவின் பெயர். முருகன் என்பதே அவருடைய பெயர். குடும்பப்பெயர் என்று ஒன்று அவருக்கு இல்லவே இல்லை. இருந்தாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட முடியாது. ஒரு கட்டுரையில் முருகன் என்றும் அடுத்த கட்டுரையில் சுப்பையா என்றும் பதிந்துவிட்டால், மேற்கோள் கணக்கில் அவர் இரண்டு ஆளாகிவிடுவார். இதற்காக ஆசிரியருக்குக் கேள்வி அனுப்பி, 48 மணி நேரம் பதிலுக்குக் காத்திருந்து, வந்த பதிலைச் சரியான கட்டத்தில் சேர்ப்பது எங்கள் அன்றாட வேலைகளில் ஒன்று. உங்கள் கட்டுரைக்கு மெய்ப்பு வரும்போது இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள்.

பன்னிரண்டு பக்கக் கட்டுரை ஒன்றில் எங்கள் அலுவலகத்தில் ஆறேழு பேரின் கை படும். எல்லாருடைய நேரத்தையும் கூட்டினால் ஒருவருக்கு ஒன்றரை நாள் வேலை இருக்கும். பக்கக் கணக்கில்தான் எங்களுக்குக் கூலி. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் போதெல்லாம் அந்தக் கூலியைக் குறைக்கச் சொல்லியே கேட்பார்களே தவிர, கூட்டிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு கட்டுரைக்கு டிஓஐ எனப்படும் நிரந்தர அடையாள எண் பதியக் கிராஸ்ரெஃப் அமைப்புக்குச் செல்வது ஒரு டாலர். களவு எழுத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கும் அது போன்ற சிறு தொகைதான். நான் பார்த்த பதினான்கு ஆண்டுகளில் தயாரிப்புச் செலவு இறங்கிக்கொண்டே வந்தது. அதே இதழ்களின் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. ஆகவே உங்கள் 2,200 டாலரில் பெரும்பங்கு எங்கள் மேசைக்கு வரவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். மீதி எங்கே போகிறது என்பதை மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வைகைப் பேராசிரியர்:

மெய்ப்புமேசை சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அது ஏற்கப்பட்ட கட்டுரையின் செலவு. ஓர் ஆய்விதழின் பெருஞ்செலவு, ஏற்கப்படாத கட்டுரைகளில் இருக்கிறது. நான் இரண்டு இதழ்களுக்கு இணை ஆசிரியராக இருக்கிறேன் என்பதால், இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கட்டணம் செலுத்துபவர் கட்டுரை ஏற்கப்பட்டவர் மட்டுமே. நிராகரிக்கப்பட்டவர் ஒன்றும் செலுத்துவதில்லை. ஆனால் அவருடைய கட்டுரையையும் ஒருவர் திறந்து படித்து, பொருத்தம் பார்த்து, மதிப்பீட்டாளர்களைத் தேடி, வந்த கருத்துகளை எடைபோட்டு, காரணத்தோடு மறுப்புக் கடிதம் எழுதியிருப்பார். கணக்குக்காக, வந்து சேரும் ஒவ்வொரு கட்டுரையையும் பரிசீலிக்க 100 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருவதில் பாதியை ஏற்கும் இதழில், வெளிவரும் ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் 200 டாலர் விழும். ஐந்தில் ஒன்றை ஏற்கும் இதழில் அது 500 டாலராகும். நூற்றுக்கு எட்டை மட்டும் ஏற்கும் இதழில் 1,250 டாலர். வேலையின் தன்மை மூன்று இடத்திலும் ஒன்றுதான். கழிக்கும் விகிதம்தான் செலவை இப்படி ஏற்றுகிறது.

இதன் உச்சத்துக்கு நேச்சர் இதழைச் சொல்லலாம். அங்கே கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் சம்பளத்துக்கு முழுநேரம் உழைக்கும் ஆசிரியர்கள். வருவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஏற்பதில்லை. ஒரு கட்டுரையை வெளியிடத் தங்களுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஆவதாக 2013இல் அந்த இதழின் தலைமை ஆசிரியர் மதிப்பிட்டுச் சொன்னார். 2021 முதல் அங்கே திறந்த அணுகலுக்கு 9,500 யூரோ கட்டணம் விதித்தார்கள். இதற்கு நேர் எதிர்த் திசையில் 2006இல் பிளாஸ் ஒன் தொடங்கியது. கண்டுபிடிப்பு எவ்வளவு முக்கியமானது என்று பாராமல், ஆய்வுமுறை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏற்பது அதன் கொள்கை. நிராகரிப்பு குறைந்ததால் கட்டணமும் 1,250 டாலராக இருந்தது. இன்று அதுவும் 2,000 டாலரைத் தாண்டிவிட்டது என்பது வேறு விஷயம்.

மதிப்பீட்டாளர்களுக்கு ஊதியம் இல்லை என்கிறீர்கள், சரி. ஆனால் இரண்டு பேர் சம்மதிப்பதற்கு நான் சில நேரம் பத்துப் பதினைந்து பேருக்கு எழுத வேண்டியிருக்கிறது. என்னைப் போன்ற இணை ஆசிரியர்களுக்கும் பெரும்பாலும் ஊதியம் இல்லை என்றாலும், எங்களுக்குப் பின்னால் நினைவூட்டல் அனுப்பவும், முரண்பாடுகளைக் கவனிக்கவும், புகார் வந்தால் விசாரிக்கவும் சம்பளம் பெறும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. அந்த அலுவலகத்தின் வேலை அண்மைக் காலத்தில் மிகவும் கூடிவிட்டது. காசுக்குக் கட்டுரை எழுதித் தரும் கூடங்கள் பெருகி, ஒரே படத்தைத் திருப்பி வைத்தும் வெட்டி ஒட்டியும் அனுப்புகிறார்கள். போலி மின்னஞ்சல் முகவரியில் மதிப்பீட்டாளர்களை அவர்களே பரிந்துரைக்கிறார்கள். வைலி நிறுவனம் 2021இல் 298 மில்லியன் டாலர் கொடுத்து ஹிந்தாவி பதிப்பகத்தை வாங்கியது. அந்த இதழ்களில் வந்த கட்டுரைகளில் 8,000க்கும் மேற்பட்டவற்றை 2023ஆம் ஆண்டில் மட்டும் திரும்பப் பெற நேர்ந்தது. ஹிந்தாவி என்ற பெயரையே கைவிட்டார்கள். சரிபார்ப்பதில் மிச்சம் பிடித்தால் அந்தச் செலவு பின்னால் பலமடங்காக வந்து சேரும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏற்கும் கட்டுரைக்குத்தான் வருமானம் என்று ஆனபின், நிராகரிக்கும் ஒவ்வொரு கட்டுரையும் பதிப்பகத்துக்கு நட்டக் கணக்கில் எழுதப்படுகிறது. என் மேசைக்கு வந்த கட்டுரை ஒன்றை நான் மறுத்தபோது, அதே பதிப்பகத்தின் இன்னோர் இதழுக்கு மாற்றிவிடலாமா என்று அலுவலகத்திலிருந்து உடனே கேட்டார்கள். நல்ல கட்டுரையாக இருந்தால், பார்த்த மதிப்பீடு வீணாகாமல் இருக்க அது உதவும். ஆனால் அந்தக் கட்டுரையின் தரவே ஐயத்துக்குரியது என்று நான் எழுதியிருந்தேன். அதைக் கேட்டவர் என் குறிப்பைப் படித்திருக்கவில்லை. அன்று முதல் என் மறுப்புக் குறிப்பின் முதல் வரியிலேயே அதை எழுதிவிடுகிறேன்.

நூலக அலமாரி:

பேராசிரியர் ஐயா சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் செலவு என்பது ஒன்று, விலை என்பது வேறொன்று. கேள்வி கேட்டவர் பார்த்தது விலை. இருபது ஆண்டுகளாகப் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்விதழ்ச் சந்தாவைக் கவனித்துவருபவள் என்ற முறையில், இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

முதலில் செலவு. கிராஸ்மன், பிரெம்ப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வந்து சேர்வது முதல் நிரந்தரமாகச் சேமிக்கப்படுவது வரை உள்ள ஒவ்வொரு படிக்கும் சந்தையில் என்ன கூலி என்று எடுத்து, 2021இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். வெளியிட்ட பின் மதிப்பீடு செய்யும் பெரிய தளங்களில் ஒரு கட்டுரைக்கு 200 டாலருக்கும் குறைவு. பத்தில் ஒன்பதுக்கு மேல் கழிக்கும் புகழ்பெற்ற இதழ்களில்கூட ஏறக்குறைய 1,000 டாலர். பொதுவான ஒரு கட்டுரைக்கு 400 டாலர் அளவு. நிராகரிப்பின் சுமையைச் சேர்த்துக்கொண்டும் கிடைத்த எண் இது. நேச்சர் சொல்லும் 20,000 பவுண்டு, செய்தியும் விமர்சனமும் தாங்கி வரும் வார இதழ் ஒன்றை நடத்தும் மொத்தச் செலவின் சாயல் கொண்டது. உங்கள் நத்தைக் கட்டுரை போகும் வகை இதழுக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது.

இனி விலை. இந்தக் கட்டணங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். மாக்ஸ் பிளாங்க் எண்முறை நூலகம் 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலக நூலகங்கள் சந்தாவாகச் செலுத்தும் தொகை ஆண்டுக்கு 7.6 பில்லியன் யூரோ. அதை வெளிவரும் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கட்டுரைக்கு 3,800 முதல் 5,000 யூரோ வரை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே புதிதாகப் பணம் தேடாமலேயே எல்லாவற்றையும் திறந்த அணுகலுக்கு மாற்றிவிடலாம் என்பது அவர்கள் வாதம். பின்னர் டீல் என்ற பெயரில் ஜெர்மன் நிறுவனங்கள் கூட்டாக நின்று 2019இல் வைலியோடும் அடுத்த ஆண்டு ஸ்பிரிங்கர் நேச்சரோடும் ஒப்பந்தம் செய்தபோது, ஒரு கட்டுரைக்கு 2,750 யூரோ என்று முடிவானது. இரண்டு வேறு பதிப்பகங்கள், ஆயிரக்கணக்கான வேறு வேறு இதழ்கள், ஆனால் ஒரே தொகை. தயாரிப்புச் செலவைக் கூட்டிப் பார்த்து வரும் எண் இப்படி இருக்காது. பழைய சந்தா வருமானம் குறையாமல் கட்டுரைக் கணக்குக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

சந்தாக் காலத்திலிருந்து வந்த இலாபமும் அப்படியே தொடர்கிறது. எல்செவியர் பதிப்பகத்தை உள்ளடக்கிய ரெலக்ஸ் குழுமத்தின் அறிவியல் பிரிவு ஆண்டுதோறும் காட்டும் இயக்க இலாபம் வருவாயில் 37, 38 விழுக்காடு அளவில் நிற்கிறது. கட்டணத்தை மட்டும் பார்த்தால், 2019 முதல் 2023 வரை ஆறு பதிப்பகங்களுக்கு உலக ஆய்வாளர்கள் செலுத்தியது, 2023இன் டாலர் மதிப்பில், ஏறக்குறைய 9 பில்லியன் என்று கனடாவைச் சார்ந்த ஆய்வுக்குழு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. அந்த ஐந்து ஆண்டுக்குள் ஆண்டுத் தொகை ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது.

போட்டி இருந்தால் விலை இறங்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கே அது நடப்பதில்லை. ஒரு கடையில் அரிசி விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். ஓர் ஆய்விதழின் பெயரை இன்னோர் இதழில் வாங்க முடியாது. வேலைக்கான தேர்வுக்குழு கேட்பது இதழின் பெயரையும், அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் குறிக்கும் தாக்கக் காரணியையும்தான். அதனால் தாக்கக் காரணி உயர்ந்தால் கட்டணமும் உயர்கிறது. ஐரோப்பாவில் கட்டணத்தைப் பெரும்பாலும் நிதிக்குழுவோ நூலகமோ கட்டிவிடுவதால், இதழைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வாளர் விலையைப் பார்ப்பதே இல்லை. அங்கே நிர்ணயமாகும் விலை, சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டிய உங்களுக்கும் வந்து நிற்கிறது.

நியூரோஇமேஜ் இதழில் நடந்ததை நீங்கள் அறிந்திருக்கலாம். 3,450 டாலர் கட்டணம் மிக அதிகம், குறையுங்கள் என்று அதன் இதழாசிரியர்கள் எல்செவியரைக் கேட்டார்கள். பதிப்பகம் இசையவில்லை. 2023 ஏப்ரலில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாக விலகி, எம்ஐடி பதிப்பகத்தோடு சேர்ந்து இமேஜிங் நியூரோசயன்ஸ் என்ற இதழைத் தொடங்கினார்கள். அதே ஆசிரியர்கள், அதே துறை, அதே கண்டிப்பு. தொடங்கியபோது கட்டணம் 1,600 டாலர். விலையில் வேலைக்கு உரிய பங்கு எவ்வளவு, பெயருக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் பிரித்துக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

இனி உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவதைச் சொல்கிறேன். ரிசர்ச்4லைஃப் பட்டியலில் உள்ள ஏழை நாடுகளுக்கு முழு விலக்கோ பாதிக் கழிவோ பல பதிப்பகங்கள் தருகின்றன. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நிதி இல்லாத ஆசிரியர் தனியே விண்ணப்பித்தால் கழிவு தரும் வழக்கம் பல இதழ்களில் உண்டு. அதைக் கட்டுரை ஏற்கப்படுவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்ற விதி பெரும்பாலும் இருக்கும். ஏற்புக் கடிதம் வந்துவிட்டால் கதவு மூடிவிடும். நீங்கள் இன்னும் சிறு திருத்த நிலையில்தான் இருக்கிறீர்கள். திருத்திய பிரதியை ஏற்றுவதற்கு முன், திட்டம் முடிந்த நாளைக் குறிப்பிட்டு, உங்கள் கைடின் கையொப்பத்தோடு கடிதம் அனுப்புங்கள். கொடுத்த காலத்துக்குள் பதில் வராவிட்டால் திருத்தத்துக்குக் கூடுதல் அவகாசம் கேளுங்கள். பொதுவாக மறுக்க மாட்டார்கள்.

அடுத்த கட்டுரைக்கு ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். சந்தா இதழாகவும் இருந்து, விரும்புவோருக்குக் கட்டணத்தோடு திறந்த அணுகலும் தரும் கலப்பு இதழ்களில், திறந்த அணுகலைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பெரும்பாலும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. ஏற்கப்பட்ட பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் நீங்களே இடலாம். அதற்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிப்பை, அதாவது மதிப்பீட்டுக்கு முந்தைய பிரதியை, பயோஆர்க்கைவ் தளத்தில் இடுவதற்கும் கட்டணம் இல்லை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்க வழி செய்திருக்கிறார்கள். அதனால் நம் அரசுப் பல்கலைக்கழகத்தாருக்குப் படிக்கும் கவலை குறைந்திருக்கிறது. ஆனால் அது முதன்மையாகப் படிப்பதற்கான சந்தா. உங்கள் கடிதத்துக்கு அது மாற்று ஆகாது. எந்த நிலையிலும் உதவித்தொகையிலிருந்தோ கடன் வாங்கியோ இந்தத் தொகையைக் கட்டிவிடாதீர்கள், அம்மா. அப்படிக் கட்டிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வடமராட்சியான்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கட்டணம் எதுவும் அறவிடாத சஞ்சிகை ஒன்றை எங்கள் பீடத்தில் ஒன்பது வருடங்களாக நடத்திவருகிறோம். எழுதுபவரும் பணம் கட்டுவதில்லை, வாசிப்பவரும் கட்டுவதில்லை. வைர வகைத் திறந்த அணுகல் என்று இதனை அழைப்பார்கள். உலகெங்கும் இப்படி 17,000 முதல் 29,000 வரையான சஞ்சிகைகள் இருக்கலாம் என 2021இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆகவே கட்டணம் இல்லாமல் நடத்தவே முடியாது என்ற பேச்சை ஏற்க வேண்டியதில்லை.

அதேவேளை, கட்டணம் இல்லை என்பதற்காகச் செலவும் இல்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கனடாவின் பொது அறிவுத் திட்டம் உருவாக்கிய ஓபன் ஜேர்னல் சிஸ்டம்ஸ் என்ற இலவச மென்பொருளில் எங்கள் சஞ்சிகை ஓடுகிறது. வழங்கிக் கணினி பல்கலைக்கழகத்தினுடையது. மொழி திருத்துபவர் ஆங்கில விரிவுரையாளர் ஒருவர். மாலை நான்கு மணிக்குப் பின்னர் இருந்து பார்த்துத் தருவார். பக்க வடிவமைப்பை நான் செய்கிறேன். எங்கள் இருவருடைய சம்பளமும் கற்பித்தலுக்காகத் தரப்படுவது. சஞ்சிகைக் கணக்கில் அது எங்கும் பதிவாவதில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது. மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் கட்டுரைகளை ஏற்றினோம். ஒரு இதழ் நான்கு மாதம் பிந்தியது. அன்பர் மெய்ப்புமேசை சொன்ன எக்ஸ்எம்எல் எங்களிடம் இல்லை, பிடிஎஃப் மட்டுமே உண்டு. அதனால் சில தரவுத்தளங்கள் எங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அந்த வேலைக்கு ஒரு ஆளை நியமிப்பதற்கு எங்களிடம் பணம் இல்லை.

நூலகர் அம்மையார் சொன்ன 400 டொலர் என்ற கணக்கு என் அனுபவத்துக்குப் பொருந்தி வருகிறது. எங்கள் நேரத்துக்கு எங்கள் சம்பள விகிதத்தில் விலை போட்டுப் பார்த்தபோது, அதைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தது. வருடத்துக்கு இருபது கட்டுரைகளுக்கு அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகமோ அரசோ நேரடியாகத் தந்தால், எக்ஸ்எம்எல் உட்பட எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிடலாம். அந்தக் கோரிக்கையை இரண்டு தடவை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். இவ்வருடமும் கொடுக்கவிருக்கிறோம்.

வைகைப் பேராசிரியர்:

நூலகர் அம்மையாருக்கு ஒரு சிறு விளக்கம். 400 டாலர், 1,000 டாலர் என்ற கணக்கில் பதிப்பகத்தின் இலாபம் சேரவில்லை என்பது சரி. ஆனால் ஒரு மோசடிப் புகாரை விசாரிக்கச் சட்ட வல்லுநர் வேண்டியிருப்பது, கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குக் கொடுக்கும் கழிவை மற்றவர்களிடமிருந்து ஈடுகட்டுவது போன்றவையும் உண்டு. அவற்றையெல்லாம் சேர்த்தாலும் பொருநைக்கரையிடம் கேட்கும் 2,200 டாலரை எட்டுமா என்று கேட்டால், பெரும்பாலான இதழ்களில் எட்டாது என்றே நானும் நினைக்கிறேன்.

கட்டணத்தை எந்த இடத்தில் வாங்குவது என்பதையே மாற்றிப் பார்த்தது ஈலைஃப் என்ற இதழ். 2023 முதல் அங்கே மதிப்பீட்டுக்குப் பின் ஏற்பு, மறுப்பு என்ற முடிவே கிடையாது. மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும் ஒவ்வொரு கட்டுரைக்கும் தொடக்கத்தில் 2,000 டாலர் வாங்கினார்கள். மதிப்பீட்டை அப்படியே கட்டுரையோடு வெளியிடுவார்கள். மறுக்கப்பட்டவரின் செலவை ஏற்கப்பட்டவர் சுமப்பது இதனால் பெருமளவு நீங்கியது. ஆனால் இந்த முறையால் அந்த இதழ் தாக்கக் காரணியை இழந்துவிட்டது. அதன் பிறகு என் துறை மாணவர் ஒருவரிடம் அந்த இதழைப் பரிந்துரைத்தபோது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்களே ஐயா என்றார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பொருநைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நூலக அலமாரி அம்மா சொன்னபடி இதழின் விதிகளை மீண்டும் படித்தேன். ஏற்புக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று கழிவுக்கான பக்கத்தின் மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறது. நான் அதைக் கவனிக்காமல் இந்த வாரமே திருத்திய பிரதியை ஏற்றியிருப்பேன். இன்று காலை கைடு கையொப்பமிட்ட கடிதத்தை அனுப்பிவிட்டோம். திருத்தத்துக்கு மூன்று வாரம் கூடுதல் அவகாசமும் கேட்டிருக்கிறோம். கழிவு கிடைக்காவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மெல்லுடலிகளுக்கான கலப்பு இதழ் ஒன்றுக்குச் சந்தா வழியில் அனுப்புவதென்று முடிவு செய்திருக்கிறோம். முன்பதிப்பை எப்படியும் இந்த மாதமே இட்டுவிடுவோம். மழைக்கு முன்னர் எடுத்த தரவு அடுத்த மழைக்குள்ளாவது மற்றவர்கள் கைக்குப் போக வேண்டும்.

மெய்ப்புமேசை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். என் முதல் கட்டுரையைத் தேடிப் பார்த்தேன். குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. இரண்டாவது கட்டுரையில் என் பெயரைக் குடும்பப்பெயராகக் கொடுத்தால் நானும் இரண்டு ஆளாகிவிடுவேனா?

மெய்ப்புமேசை:

ஆகிவிடுவீர்கள். இரண்டு கட்டுரையையும் ஆர்க்கிட் எனப்படும் ஒரே ஆய்வாளர் அடையாள எண்ணோடு இணைத்துவிட்டு, அந்தக் கணக்கில் இரண்டு வடிவத்தையும் மாற்றுப் பெயராகச் சேர்த்துவிடுங்கள். பிறகு ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் ஆசிரியர் விவரத்தை ஒன்றாக்கும்படி விண்ணப்பியுங்கள். இவை எதற்கும் கட்டணம் இல்லை. இனி எந்த இதழுக்கு அனுப்பினாலும், சமர்ப்பிக்கும் படிவத்திலேயே எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்தக் குறிப்பு எங்கள் மேசை வரைக்கும் வந்து சேரும்.